இருட்டில் எண்ணுகிறவர்கள்

வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரம். டிசம்பர் மாதம், விடிகாலை ஐந்தேகால். பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு விளக்குக் கம்பங்கள் மட்டும் எரிகின்றன. வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்று முகப்பு விளக்கை அணைக்கின்றன. பாதிக்கு மேல் பிக்கப் டிரக்குகள். இறங்குகிறவர்கள் கதவை மெதுவாகச் சாத்துகிறார்கள். சாலைக்கு அந்தண்டை வீடுகளில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். யாரும் 'குட் மார்னிங்' சொல்லிக்கொள்வதில்லை. முஷ்டியோடு முஷ்டி ஒரு தட்டு, தொண்டைக்குள் ஓர் உறுமல், அவ்வளவுதான்.

ஒருவர் டிரக்கின் பின்கதவைத் திறந்து ஹாலோ பிளாக் கற்களை இறக்குகிறார். நம் பக்கம் காம்பவுண்டுச் சுவர் எழுப்புவதற்கு அடுக்கிவைப்பார்களே, அதே கல். ஆளுக்கு ஒன்று. அதைத் தலைக்கு மேல் தூக்குவார்கள், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், தரையில் வைத்துத் தாண்டுவார்கள். 'கூப்பன்' என்று அதற்கு ஒரு செல்லப் பெயர். இன்னொருவர் ஷவல் ஒன்றைப் புல்தரையில் குத்தி நிறுத்துகிறார். அதன் கம்பில் கொடி கட்டியிருக்கிறது. கொடி நின்றால் களம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நான் பக்கத்து ஓடுபாதையில் நடக்கிறவன். ஆறு மாத விசாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் தகப்பன்களுக்குத் தூக்கம் நாலு மணிக்கே போய்விடும். குரங்குக் குல்லாயும் மருமகனின் பழைய ஜாக்கெட்டுமாக நான் சுற்றிவருவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கையை உயர்த்துவார்கள், நானும் உயர்த்துவேன். எங்கள் பழக்கம் அதற்கு மேல் வளரவில்லை. ஆனால் குளிர்காலத்து விடியலில் குரல் நன்றாகக் காதில் விழும்.

இருபது பேர் இருப்பார்கள். முப்பது வயதிலிருந்து அறுபது வரை. ஓட்டக்காரன் உடம்பு ஒன்றிரண்டுதான். மற்றவையெல்லாம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வளர்ந்த உடம்புகள். வங்கி ஊழியர், பிளம்பர், பள்ளி ஆசிரியர், ஒரு போதகர், வீடு விற்றுத் தருகிறவர் இருவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. புதிதாக வருகிறவனை முதல் நாளே நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டுக் கேலி செய்து, அவன் சொன்னதிலிருந்தே எதையாவது பிடித்து ஒரு பெயர் சூட்டிவிடுகிறார்கள். பெருமைக்குரிய பெயரை யாருக்கும் தருவதில்லை. அதிலிருந்து அவனுடைய வேலை, சம்பளம், வீடு இருக்கும் பேட்டை எல்லாம் அந்த முக்கால் மணி நேரத்துக்குச் செல்லாது.

இந்த ஏற்பாட்டுக்கு 'எஃப் த்ரீ' என்று பெயர். ஃபிட்னஸ், ஃபெலோஷிப், ஃபெயித் என்ற மூன்று எஃப். 2011 ஜனவரி 1 அன்று இதே சார்லட் நகரத்துப் பள்ளி ஒன்றில் டேவிட் ரெட்டிங், டிம் விட்மயர் என்ற இரு நண்பர்கள் தொடங்கியது. ரெட்டிங் ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்தவர். இன்று அமெரிக்கா முழுக்கக் கிளைகள். விதிகள் ஐந்தே. காசு வாங்கக் கூடாது. எந்த ஆணும் வரலாம். மழையானாலும் பனியானாலும் வெட்டவெளியில்தான். பயிற்சியாளர் என்று யாரும் கிடையாது, ஆளுக்கொரு நாள் முறைவைத்து நடத்த வேண்டும். முடிந்ததும் எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். பெண்களுக்குத் தனியே ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்கள் இந்த அளவுக்குக் கத்துவதில்லை என்று மகள் சொல்கிறாள்.

கத்தல் என்றால் எண்ணிக்கைதான். அன்றைக்கு நடத்துகிறவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்பார், கூட்டம் சேர்ந்து "ஒன்று!" என்று முடிக்கும். மறுபடி "ஒன்று, இரண்டு, மூன்று", கூட்டம் "இரண்டு!" பட்டாளத்து வழக்கம் இது. யார் எத்தனை போட்டான் என்பதை அவனவன் மனதுக்குள் எண்ணினால் ஏமாற்றலாம், ஊரோடு சேர்ந்து எண்ணினால் முடியாது. இடையிடையே முணுமுணுப்பும் கேலியும் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சு வாங்குகிறவனுக்கும் வாய் மட்டும் ஓயாது.

எல்லாம் முடிந்து வட்டம் கட்டியபின் இன்னோர் எண்ணிக்கை. இடமிருந்து ஒவ்வொருவராக ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி ஆள்கணக்கு எடுப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் பெற்றோர் வைத்த பெயர், வயது, பட்டப்பெயர் மூன்றையும் சொல்ல வேண்டும். தினம் பார்க்கிறவர்கள்தான். ஆனாலும் தினமும் சொல்கிறார்கள்.

அந்த வட்டத்தில் ஒருவர் பழைய ராணுவக்காரர். நாற்பதைத் தாண்டியவர், ஆப்கானிஸ்தானுக்கு இருமுறை போய்வந்தவர். அவருடைய பட்டப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வட்டத்துக்குள் வைத்த பெயர் அங்கேயே இருக்கட்டும். கற்களை இறக்குகிற வேலை அவருடையதாக இருந்தது. வலது மணிக்கட்டில் கறுப்பு உலோகக் காப்பு ஒன்று போட்டிருப்பார். போரில் மாண்ட தோழனின் பெயரும் தேதியும் பொறித்த காப்பு. இங்கே பழைய வீரர்கள் பலர் கையில் அதைப் பார்க்கலாம், குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார்களாம். ஓட்டம் முடிந்து மற்றவர்கள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருக்கும்போது, இவர் மட்டும் திரும்பிப் பின்னால் ஓடுவார். கடைசியில் வருகிற ஆள் ஒரு கணக்கர், நூற்றிருபது கிலோவுக்குக் குறையாது. அவர் பக்கத்தில் போய் அவர் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கூடவே ஓடிவருவார். கடைசி ஆளை விட்டுவிடக் கூடாது என்பது இந்தக் கூட்டத்தின் பொதுவான வழக்கம்தான். ஆனால் பொதுவான வழக்கத்தை எப்போதும் ஒரே ஆள் செய்துகொண்டிருந்தால் மற்றவர்களுக்கு அது மறந்துபோகும்.

போன தடவை நான் வந்திருந்தபோது மே மாதக் கடைசித் திங்கள், போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று நாடெங்கும் 'மர்ஃப்' போடுவார்கள். 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட கடற்படை லெப்டினன்ட் மைக்கேல் மர்ஃபி, தன் பிரியமான பயிற்சியாக வைத்திருந்தது. ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 தண்டால், 300 பஸ்கி, மறுபடி ஒரு மைல். அன்று அந்தப் பழைய ராணுவக்காரர்தான் நடத்தினார். ஒன்பது கிலோ எடைச் சட்டையை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தர்பூசணி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓடுபாதையில் நடந்துகொண்டிருந்த எனக்கும் ஒரு துண்டு வந்தது.

இந்த டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை.

புதன்கிழமை வழக்கத்துக்கு மேல் வண்டிகள். கொடி நடவில்லை, கல் இறக்கவில்லை. நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தன் டிரக்கின் பம்பரில் உட்கார்ந்து கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். வராதவரிடமிருந்து தனக்கு வந்த கடைசிச் செய்தியைப் பக்கத்திலிருந்தவரிடம் வாசித்துக் காட்டினார்: நாளைக்குக் கையுறை இன்னொரு ஜோடி கொண்டு வா. அவ்வளவுதான் அதில் இருந்தது. அவர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார், வேறு ஏதாவது அதில் ஒளிந்திருக்கும் என்பதுபோல. அந்த வாரம் முழுக்க அவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்தார்கள். போன வாரம் சிரித்தாரே, வெள்ளிக்கிழமை அவர்தானே நடத்தினார், சனிக்கிழமை காபிக்கு உட்கார்ந்தாரே. தன் கையால் உயிரை மாய்த்துக்கொண்டவர் விட்டுப்போகும் வேலை இது. இருக்கிறவர்கள் கடைசி நாட்களை மணலைச் சலிப்பதுபோல் சலித்துக்கொண்டே இருப்பார்கள். அவர் எப்படி இறந்தார் என்பதும் என் காதில் விழுந்தது. அது யாருக்கும் வேண்டாம்.

சனிக்கிழமை நினைவுப் பயிற்சி. சுற்றுப்பட்ட கிளைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து புல்தரை நிறைந்துவிட்டது. சிலர் முதுகில் '22' என்று அச்சிட்ட பனியன். நாளொன்றுக்கு 22 முன்னாள் வீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்ற கணக்கு அது. முன்னாள் படைவீரர் நலத்துறையின் 2012-ம் ஆண்டு அறிக்கை, 21 மாநிலங்களின் விவரத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு. பின்னால் வந்த கணக்குகள் இன்னும் துல்லியமானவை. 2022-ல் மட்டும் 6,407 பேர், நாளுக்கு 17.6. பனியனில் பழைய எண்ணே நிற்கிறது. முழு எண்ணைத்தானே முதுகில் எழுத முடியும்.

இறந்தவரின் தகப்பனார் வந்திருந்தார். எழுபதைக் கடந்தவர். வியட்நாம் போர்க்காரர்கள் போட்டுக்கொள்ளும், மஞ்சள் எழுத்து வைத்த கறுப்புத் தொப்பி. ஒரு டிரக்கின் பின்கதவை இறக்கி அதில் அவரை உட்காரவைத்து, தோளில் யாரோ ஒரு கம்பளியைப் போட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் முக்கோணமாக மடித்த கொடி இருந்தது. மகனின் அடக்கத்தில் சீருடைக்காரர்கள் மடித்துக் கொடுத்தது. முறையாகப் பணிமுடித்த வீரர் எவருக்கும் குறைந்தது இரண்டு சீருடைக்காரர்கள் வந்து கொடி மடித்து, 'டேப்ஸ்' என்ற இருபத்துநாலு சுரத்து எக்காள இசையை ஒலிக்கச்செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். எப்படி இறந்தார் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

பயிற்சி பர்ப்பி. நின்ற நிலையிலிருந்து குந்தி, தரையில் நீண்டு, தண்டால் எடுத்து, எழுந்து குதிப்பது. இரண்டாம் உலகப் போரில் படைக்கு வந்த பையன்களின் தேகபலத்தை அமெரிக்க ராணுவம் இதன் எளிய வடிவத்தை வைத்தும் சோதித்தது. இறந்தவரின் வயது எத்தனையோ அத்தனை பர்ப்பி. பத்து வரை ஒரே குரலில் எண்ணினார்கள். இருபதில் குரல் சிதறிவிட்டது. முப்பதைத் தாண்டியதும் யாரோ, முகம் புல்லில் இருக்க, "செத்தும் நம்மை பர்ப்பி போடவைக்கிறான் பார், பாவி" என்று சத்தமாகச் சொன்னார். ஒரு கணம் எல்லாரும் நின்றுவிட்டார்கள். பிறகு டிரக்கிலிருந்து தகப்பனார்தான் முதலில் சிரித்தார். அதன்பின் புல்தரை முழுக்கச் சிரிப்பு. அதில் பாதி அழுகை. எது எது என்று இருட்டில் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இந்த ஆண்களுக்கு முகத்துக்கு முகம் உட்கார்ந்து அழத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் கிடந்து மண்ணைப் பார்த்துக்கொண்டால் முடிகிறது. நமக்கு மட்டும் தெரியுமா என்ன? எழவு வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, தெருவைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கிறோமே, நாமும் ஆண்கள்தான்.

அடுத்த வாரம் ஒரு வாக்குவாதம். காப்புப் போடுவது பற்றி. இவர் பெயரையும் தேதியையும் பொறித்து எல்லாருக்கும் கறுப்புக் காப்பு செய்யலாம் என்றார் ஒருவர். கூட்டத்திலிருந்த இன்னொரு பழைய வீரர், இதுவரை அதிகம் பேசி நான் கேட்டிராதவர், கூடாது என்றார். அது போரில் விழுந்தவர்களுக்கு உள்ளது, அவர்கள் குடும்பங்கள் என்ன நினைக்கும் என்றார். "அப்படியானால் இவன் எதில் விழுந்தான்?" என்று திருப்பிக் கேட்டார் முதல் ஆள். பதில் வரவில்லை.

இந்தக் கேள்வி அரசாங்கத்துக்கே இருந்திருக்கிறது. போர்க்களத்தில் பணியிலிருக்கும்போதே தற்கொலை செய்துகொண்ட வீரர்களின் குடும்பங்களுக்கு ஜனாதிபதியின் இரங்கல் கடிதம் போகாது என்பது நெடுங்கால வழக்கம். 2011 ஜூலையில்தான் ஒபாமா அதை மாற்றினார். அப்போதும் வீடு திரும்பிய பின் இறந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் 'போரின் விலை' ஆய்வுத் திட்டம் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2001-க்குப் பிந்தைய போர்களில் களத்தில் இறந்த அமெரிக்கப் படையினர் 7,057. அதே போர்களின் காலத்தில் பணியாற்றி, பணியிலோ ஓய்விலோ தற்கொலை செய்துகொண்டவர்கள் 30,177. நான்கு மடங்குக்கு மேல். இந்த முப்பதாயிரத்தை எந்த நினைவுச் சுவரில் எழுதுவது என்று அந்த இரண்டு பேர் மட்டும் முடிவுசெய்துவிட முடியாது. காப்பு விவகாரம் அப்படியே நின்றுவிட்டது. சிலர் தாங்களாகச் செய்து போட்டுக்கொண்டார்கள். மறுத்தவர் அவர்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

கணக்கரின் பாடுதான் சங்கடம். நினைவுப் பயிற்சிக்குப் பிந்திய திங்களன்று அவர் வழக்கம்போல் கடைசியில் வந்துகொண்டிருந்தார். கூடவே ஓட ஆள் இல்லை. முன்னால் போனவர்கள் ஒரு நிமிடம் கழித்துத்தான் அதைக் கவனித்தார்கள். உடனே ஐந்தாறு பேர் திபுதிபுவென்று திரும்பி ஓடி அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் நின்றுவிட்டார். "போங்கள் எல்லாரும்" என்று கத்தினார். நல்ல கெட்டவார்த்தை ஒன்றும் சேர்ந்து வந்தது. பிறகு தனியாக நடந்தே முடித்தார். மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். அன்று முன்னாலேயே வந்து, டிரக்கிலிருந்து கற்களை இறக்கிவைத்தார்.

இவர்கள் ஏன் இப்படி விடியுமுன் எழுந்துவருகிறார்கள் என்பதற்கு அமெரிக்காவில் புள்ளிவிவரமே இருக்கிறது. நெருங்கிய நண்பர் ஒருவரும் இல்லை என்று சொன்ன ஆண்கள் 1990-ல் 3 சதவீதம், 2021-ல் 15 சதவீதம். 2023-ல் அந்நாட்டின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி தனிமையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அறிவித்து எச்சரிக்கை அறிக்கையே விட்டார். இந்த வட்டம் அதற்கு நல்ல மருந்துதான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் இறந்தவர் தனிமையில் கிடந்தவர் இல்லை. தவறாமல் வந்தவர், எண்ணிக்கையில் குரல் கொடுத்தவர், பெயரும் வயதும் சொன்னவர். முதல் நாள்வரை ஆள்கணக்கு சரியாகத்தான் இருந்தது. வந்திருக்கிறாரா என்று தினமும் எண்ணினார்கள். இருக்கப்போகிறாரா என்று கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

இப்போது கேட்கிறார்கள். வட்டத்தில் பெயர், வயது, பட்டப்பெயர் முடிந்ததும் போதகர் ஆரம்பித்துவைத்தார். சுற்றிவளைக்கவில்லை. தன் இடப்பக்கத்து ஆளைப் பார்த்து, "செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா?" என்று கேட்டார். கேட்கப்பட்டவர் முகம் சிவந்து சிரித்து "இல்லை" என்றார். அடுத்தவரும் இல்லை. அதற்கடுத்தவர், காப்பு வேண்டாம் என்று சொன்ன பழைய வீரர், கொஞ்ச நேரம் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த வாரம் இல்லை" என்றார். அவருக்குப் பின் கேள்வி அன்றைக்கு நகரவில்லை. யாரும் பிரசங்கம் செய்யவில்லை, அதுவே பெரிய விஷயம். தோள்மேல் போட்ட கைகளை எடுக்காமல் நின்றார்கள். ஆறேகாலுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஆறரைக்கும் நின்றார்கள்.

இரண்டொரு நாள் கழித்து, எல்லாரும் வண்டியேறிய பின், அந்தப் பழைய வீரர் கணக்கரின் கார் ஜன்னலுக்குப் போய் ஒரு சாவியை நீட்டியதைப் பார்த்தேன். சின்னச் சாவி, வளையம்கூட இல்லை. "வீட்டிலிருக்கிற பெட்டியுடையது. நானே வந்து கேட்டாலும் உடனே கொடுத்துவிடாதே" என்றார். கணக்கர் என்ன பெட்டி என்று கேட்கவில்லை. இந்த நாட்டில் முன்னாள் வீரர்களின் தற்கொலைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று துப்பாக்கியால் நேர்கின்றன என்பது அரசாங்கக் கணக்கு. துப்பாக்கிப் பெட்டி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த உந்துதலின் உச்சம் பலருக்குச் சில நிமிடம், சில மணி நேரம்தான். அதற்குள் ஆயுதம் கைக்கெட்டாமல் இருந்தால் பெரும்பாலும் உயிர் தங்கிவிடுகிறது. கணக்கர் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானையும் போட்டுக்கொண்டார். "நாளைக்கு நீ நடத்துகிறாயா?" என்று மட்டும் கேட்டார். "பர்ப்பி கிடையாது என்றால்" என்றார் மற்றவர்.

ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்குகிறது. அதற்குள் இதை எழுதிவைக்கக் காரணம் ஒன்றுதான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரை நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. கூட நடக்கிறவர், ஷட்டில் ஆடுகிறவர், டீக்கடையில் தினம் பக்கத்தில் நிற்கிறவர், சிரித்துக்கொண்டே இருக்கிறவர் யாரானாலும் சந்தேகம் வந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால் கூடவே இருங்கள், தனியே விடாதீர்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணை அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் வீரர்களுக்கான உதவி கிடைக்கும். அவர்களுக்காகக் கவலைப்படும் நண்பர்களும் அழைக்கலாம். இந்தியாவில் 'டெலி மானஸ்' எண் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் 'ஸ்நேகா'வின் எண் 044-24640050.